செல்ஃப் க்யூர் சூடு பல்லைக் கொல்லுமா? மும்பை சயான் கிளினிக்கிலிருந்து

ஏப்ரல் 9, மாலை. வாசகர் கேள்வி

"முலுண்டில் கிளினிக் போட்டு எட்டு மாதம் ஆகிறது. கேப்புக்காகப் பல்லை ராவிவிட்டு, வாயிலேயே செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கில் (பவுடரும் லிக்விடும் கலந்தால் தானாக இறுகும் பிளாஸ்டிக்) டெம்ப்ரரி கேப் செய்து ஒட்டி அனுப்புகிறேன். போன வாரம் ஒரு அம்மாவுக்கு அப்படிச் செய்த கடைவாய்ப் பல் இப்போது ராத்திரியில் வலிக்கிறதாம். காபி குடித்தால் துடிக்கிறார். ராவுவதற்கு முன் நல்ல உயிருள்ள பல். என் சீனியரிடம் கேட்டால், 'அக்ரிலிக் சூடெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற கதை. முப்பது வருஷமா செய்றேன், ஒரு பல்லும் சாகலை' என்கிறார். அவர் சொல்வது சரியா?"

ஏப்ரல் 9, இரவு 10.50

கதை இல்லை. ஆனால் சீனியர் பொய்யும் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்ட பல் எதுவும் சாகவில்லை, அவ்வளவுதான். பற்கூழ், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும், பெரும்பாலும் சத்தம் போடாமல் சாகும். நாலு வருஷம் கழித்து ஈறில் ஒரு கொப்புளம் வரும். அதற்குள் அந்த ஆள் தாணேவுக்கு வீடு மாறியிருப்பார், அங்கே உள்ள டாக்டர் ரூட் கெனால் செய்வார். சீனியரின் கணக்கில் அந்தப் பல் இன்னும் உயிரோடுதான் இருக்கும்.

2005-ல் ஹாங்காங்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உயிருள்ள பல்லில் உலோகப் பீங்கான் கேப் போட்டுப் பத்து வருஷம் கழித்துப் பார்த்ததில், தனிக் கேப் போட்ட பற்களில் 84.4 சதவீதத்தில் கூழ் பிழைத்திருந்தது. பிரிட்ஜைத் தாங்கும் பற்களில் 70.8 சதவீதம்தான். இது முழுக்க அக்ரிலிக் சூட்டின் வேலை என்று சொல்ல வரவில்லை. "ஒன்றுகூட சாகவில்லை" என்ற கணக்கு எங்கேயும் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த அம்மாவைக் கவனியுங்கள். டெம்ப்ரரி உயரமாக இருந்து கடியில் முதலில் இடிக்கிறதா என்று பாருங்கள். அதுவே சில நேரம் இரவு வலி தரும். அப்புறம் கழற்றி, குளிர்ச்சி டெஸ்ட், தட்டிப் பார்த்தல், ஓர் ஐஓபிஏ எக்ஸ்ரே. குளிர் பட்டுச் சில விநாடியில் வலி அடங்கினால் காத்திருக்கலாம். வெந்நீருக்கு வலி கிளம்பி நிமிடக்கணக்கில் நின்றால், தானாக ராத்திரியில் எழுப்பினால், அந்தக் கூழ் திரும்பி வருவது கஷ்டம். எதுவானாலும் நிரந்தரக் கேப்பை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிய பிறகு அதிலேயே ஓட்டை போட்டு ரூட் கெனால் செய்யும்போது பேஷன்ட் உங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே.

ஏப்ரல் 10, காலை

சூடு எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படித்ததுதான், மறந்திருப்பார்.

லிக்விடில் இருப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட், மோனோமர் என்கிற தனித்தனி மூலக்கூறுகள். பவுடரில் இருப்பது அதே சங்கதி, ஏற்கெனவே கோத்து முடித்த மணிகள், கூடவே பென்சாயில் பெராக்சைடு. இரண்டையும் கலந்ததும் லிக்விடில் உள்ள அமீன் பெராக்சைடை உடைத்துவிடும். உடனே மோனோமர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கைகோக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பு அவிழும்போதும் கொஞ்சம் சூடு வெளியேறும். 100 கிராம் மோனோமர் முழுதாக இணைந்தால் சுமார் 55 கிலோஜூல். ஒரு டம்ளர் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்துக் கொதிக்க வைக்கிற சூடு அது.

பவுடர் ஏற்கெனவே இணைந்துவிட்ட சரக்கு, அதிலிருந்து புதிதாகச் சூடு வராது. சூடு முழுக்க லிக்விடிலிருந்துதான். இதை மனதில் வையுங்கள், பின்னால் இதற்கே திரும்பி வருவேன்.

ஏப்ரல் 10, காலை, இன்னொன்று

டம்ளர் கணக்கைப் படித்துவிட்டு ஒரு தம்பி பயந்துபோய் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஒரு கேப்புக்கு ஒரு மில்லி லிக்விட்கூடப் போகாது. வாய்க்குள் யாரும் காபி போடவில்லை.

ஆனால் பற்கூழுக்கு அவ்வளவு சூடு தேவையும் இல்லை. 1965-ல் ஸாக், கோஹன் என்ற இருவர் ரீசஸ் குரங்குகளின் பற்களை வெளியிலிருந்து சூடாக்கிப் பார்த்தார்கள். கூழின் வெப்பம் 5.5 டிகிரி ஏறியபோது 15 சதவீதக் கூழ்கள் மீளவில்லை. 11 டிகிரி ஏறியபோது 60 சதவீதம். பரீட்சையில் நாம் எழுதிய 5.5 இங்கிருந்து வந்ததுதான். காய்ச்சலில் உடம்பு ஏறுகிற அளவைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே.

ஏப்ரல் 14

புத்தாண்டு, கிளினிக் லீவு. மாட்டுங்காவில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

2008 மே மாதம். தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் இருந்து ஓர் அண்ணாச்சி வருவார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இட்லி வியாபாரம். விடியற்காலை அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவார். மேலே வலதுபக்கம் ஒரு முன்கடைவாய்ப் பல் இல்லை. கோரைப்பல்லையும் அதற்குப் பின்னால் ஒரு பல் விட்டு அடுத்ததையும் ராவி, மூன்று பல் பிரிட்ஜ் போடுவதாகத் திட்டம்.

அந்த மாதம்தான் வேக்யூம் மெஷின் வாங்கியிருந்தேன். பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி மாடலின் மேல் இழுத்தால் கண்ணாடி மாதிரி அச்சு கிடைக்கும். புது மெஷின் வந்தால் எல்லாருக்கும் அதிலேயே செய்யத் தோன்றும் இல்லையா? அந்தக் கண்ணாடி அச்சில் அக்ரிலிக்கை ஊற்றி அண்ணாச்சியின் வாயில் வைத்தேன். ஏசி அன்றைக்கு வேலை செய்யவில்லை. லிக்விடைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தேன், சீக்கிரம் இறுகிவிடக் கூடாதே என்று.

அறைச் சூட்டில் அது நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகியது. பல் இல்லாத இடத்துக்குக் கீழே, பக்கத்துப் பற்களின் வளைவுக்குள் அக்ரிலிக் போய்ப் பூட்டிக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. உதவியாளர் தாயி கையில் தண்ணீர் சிரிஞ்சை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். "அண்ணாச்சி, சுடுதா?" "ஒண்ணும் தெரியல தம்பி, நீங்க பாருங்க." எப்படித் தெரியும், நான் இரண்டு மரப்பு ஊசி போட்டிருக்கிறேனே. வெளியில் வழிந்திருந்த கட்டியைத் தொட்டால் என் விரலே பொறுக்கவில்லை. கடைசியில் சுழலும் பர் முனை வைத்து வெட்டித்தான் எடுத்தேன். நாலு நிமிஷம் இருக்கும். நாற்பது மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் கன்னம் வீங்கி வந்தார். கோரைப்பல். நரம்பு போய்விட்டது. பிரிட்ஜில் ஓட்டை போட்டு ரூட் கெனால் செய்தேன், காசு வாங்கவில்லை. "ஏன் தம்பி காசு வேண்டாங்கிறீங்க?" என்று நாலு தடவை கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

மேலே எழுதியதில் நான் செய்த தப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லச் சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக் தாள். அது சூட்டை வெளியே விடாது. இறுகும் அக்ரிலிக்குக்கு ஒரு பக்கம் பல், மறுபக்கம் தாள், அதற்கப்பால் காற்று. சூடு போக ஒரே வழி பல்தான். அல்ஜினேட் என்ற ஈரமான அச்சுப் பொருள் என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர், சூட்டைத் தானே குடித்துவிடும். சிலிக்கான் புட்டி நடுவில் வரும், கனமாக இருப்பதால் கொஞ்சம் உறிஞ்சும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இதை அளந்து பார்த்தவர்கள் பிளாஸ்டிக் தாளில்தான் சூடு அதிகம் என்றார்கள். நான் புது மெஷின் மோகத்தில் மறந்துவிட்டேன்.

பிரிட்ஜின் நடுப் பல். கேப்பின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர், பல் இல்லாத இடத்தில் இருப்பதோ முழுக் கட்டி. பொருள் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் சூடும் குவியும். அந்தச் சூடு இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் போகும். ஆய்வில் பிரிட்ஜ் பற்கள் அதிகம் செத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு, ஒரே கோணத்துக்குக் கொண்டுவர நாம் பல்லை அதிகம் ராவுகிறோம். ஆனால் இதுவும் அந்தக் கணக்கில் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊசி. இதைப் பலரும் யோசிப்பதில்லை. லிக்னோகெயினோடு 80,000-ல் 1 பங்கு அட்ரினலின். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பற்கூழுக்குள் ஓடும் ரத்தமும் குறையும். ஓடும் ரத்தம்தான் பல்லின் ரேடியேட்டர். ஆக ஒரே ஊசியில் பேஷன்ட் கத்துவதையும் நிறுத்திவிட்டோம், குளிர்விக்கும் தண்ணீரையும் மூடிவிட்டோம். மரத்துப்போன பல்லிடம் "சுடுதா?" என்று கேட்ட நான் ஒரு முட்டாள்.

கீழ் முன்பற்களும் மேலே இரண்டாம் வெட்டுப்பல்லும் சின்னவை. ராவின பிறகு கூழுக்கு மேலே மிஞ்சும் டென்டின், எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் பகுதி, கொஞ்சமே. இருபது வயதுக்காரருக்குக் கூழறையும் பெரிது. டென்டின் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் நல்ல போர்வை. அந்தப் போர்வையைத்தான் நாம் பாதியாக வெட்டுகிறோம்.

ஏப்ரல் 23

"இந்தக் காலத்திலும் யார் சார் பவுடர் லிக்விட் கலக்கிறார்கள், புரோடெம்ப் போடுங்கள், முடிந்தது" என்று பாந்த்ராவிலிருந்து ஒருவர்.

போடலாம். புரோடெம்ப் பிஸ்அக்ரில் வகை, கார்ட்ரிட்ஜில் வரும். அதன் மூலக்கூறுகள் பெரியவை, ஒரு கிராமுக்கு அவிழ வேண்டிய பிணைப்புகள் குறைவு, நிரப்புத்தூளும் கலந்திருக்கும். அதனால் சூடும் குறைவு, சுருக்கமும் குறைவு. வாசனையும் மூக்கைத் துளைக்காது. ஆனால் சூடு குறைவு என்றால் சூடே இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு லெக்சரில் "கோல்டு க்யூர்" என்ற பெயரைக் கேட்டுவிட்டுக் குளிர்ச்சியாகவே இறுகும் என்று நம்பியிருந்த மாணவரை எனக்குத் தெரியும். வெளியிலிருந்து சூடு கொடுக்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். பிஸ்அக்ரிலையும் இழுபடும் பதத்திலேயே கழற்ற வேண்டும். உடைந்தால் ஒட்டுவது அக்ரிலிக் மாதிரி சுலபம் இல்லை.

கார்ட்ரிட்ஜ் விலையும் ஒவ்வொரு தடவை தூக்கிப்போடும் நுனியும் பாந்த்ராவில் தாங்கும். சயானில், அதுவும் இட்லி அண்ணாச்சியிடம் வாங்குகிற பீஸில், நீண்ட பிரிட்ஜ் என்றால் பவுடர் லிக்விட்தான். அதுவும் இதே மும்பைக் கம்பெனியான டிபிஐயின் சரக்கு. காலேஜில் நம் எல்லாருடைய கையிலும் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. டிபார்ட்மென்டிலிருந்து நேராக லோக்கலில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலோரம் நகர்ந்துவிடுவார்.

ஏப்ரல் 23, இரவு

தொடர்பில்லாத ஒன்று, ஆனால் விடமாட்டேன். இடுப்பு மூட்டு மாற்றுகிறார்களே, அந்த உலோகத் தண்டை எலும்பில் பிடித்து வைக்கும் சிமென்ட் இதே அக்ரிலிக்தான். சர் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் 1958 வாக்கில் ஆரம்பித்தார். யோசனை கொடுத்தது மான்செஸ்டர் பல் மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் ஸ்மித். எலும்புக்காரர்களும் அன்றிலிருந்து இதே சூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் மைத்துனர் எலும்பு டாக்டர். கல்யாண வீட்டில் "நீங்க பல்லு தானே" என்று இளக்காரமாகச் சொல்லும்போதெல்லாம் இதை எடுத்து விடுவேன்.

மே 2

பேசிக்கொண்டே இருப்பானேன் என்று லேமிங்டன் ரோடுக்குப் போய் ஒரு மல்டிமீட்டரும் சூட்டை அளக்கும் மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியும் வாங்கி வந்தேன். கடைக்காரர் "எந்த மெஷினுக்கு சேட்?" என்றார். பல்லுக்கு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிரேஸுக்காகப் பிடுங்கிய ஒரு முன்கடைவாய்ப் பல். உலராமல் தண்ணீரில் வைத்திருந்தது. வேர்ப்பக்கம் வெட்டி, கூழறைக்குள் கம்பியின் நுனியை நுழைத்து, வேரை வெந்நீர்த் தட்டில் நிறுத்தினேன். மேல்பக்கத்தைக் கேப்புக்கு ராவுவது போல ராவினேன். அப்புறம் ஒவ்வொரு அச்சாக.

பிளாஸ்டிக் தாளில், தளர்வான கலவை, கழற்றாமல் முழுதாக இறுகவிட்டால் 5.5-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. தாயி "பஸ், பஸ்" (போதும், போதும்) என்றார், ஏதோ பேஷன்ட் நாற்காலியில் இருப்பது மாதிரி. அல்ஜினேட்டில் அதே கலவை கோட்டைத் தொடவில்லை. ரப்பர் பதத்தில் கழற்றித் தண்ணீரில் முக்கி மறுபடி வைத்தபோது, எந்த அச்சானாலும் முள் சோம்பலாகத்தான் நகர்ந்தது.

கவனித்த இன்னொன்று. கலவை மாவுப் பதத்தில் இருக்கும்போது மீட்டரில் ஒன்றுமே நடக்காது. இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பும் பதத்திலும் கொஞ்சம்தான். அதைத் தாண்டி விறைக்க ஆரம்பிக்கும்போது சரேலென்று ஏறும். நாம் "இன்னும் கொஞ்சம் இறுகட்டும், வடிவம் கெடாமல் வரும்" என்று காத்திருக்கிறோமே, சரியாக அந்த நேரம்தான்.

மே 3

நேற்றைய பதிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி படுத்தபடி யோசித்ததில் மூன்று ஓட்டைகள். கம்பியின் நுனி கூழறைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததா, நடுவில் தொங்கியதா என்று நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவில்லை. இறந்த பல்லில் ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் என் மீட்டர் பயமுறுத்தவே செய்யும். மூன்றாவது, ஒரே பல்லைத் திரும்பத் திரும்பச் சுட்டிருக்கிறேன். தட்டில் இருந்த வெந்நீரும் இடையில் ஆறிக்கொண்டே இருந்தது. வரிசையை நம்பலாம், எண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொரு திருத்தம். மல்டிமீட்டரில் முள் கிடையாது, டிஜிட்டல். "முள் சோம்பலாக நகர்ந்தது" என்றது பழைய காலத்து வாய்.

மே 11

எதிர்பார்த்த அடி விழுந்துவிட்டது. புனேயிலிருந்து ஒரு பேராசிரியர், தமிழர், தனிமடலில்: "குரங்குக் கணக்கையே எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? 1997-ல் இத்தாலியர்கள் மனிதப் பற்களில் செய்ததைப் படிக்கவில்லையா?"

படித்திருக்கிறேன். பல்திஸ்ஸாரா குழுவினர். எப்படியும் பிடுங்கப் போகிற பற்களை வாயில் இருக்கும்போதே சூடாக்கி, இரண்டு மூன்று மாதம் விட்டு, பிடுங்கி, சீவல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சராசரி 11 டிகிரி உயர்வுக்கும் கூழ் சேதமில்லை என்றார்கள். அப்படியானால் 5.5 என்பது கல்லில் பொறித்த எல்லைக்கோடு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்தவை இளம் வயதுக்காரர்களின் ஆரோக்கியமான பற்கள், எண்ணிக்கையும் கொஞ்சம். என்னிடம் கேப்புக்கு வரும் பல்லோ ஏற்கெனவே சொத்தை, அமால்கம், ஒரு விரிசல் என்று மூன்று போர் பார்த்துவிட்டு வந்தது. அதற்கு இன்னொரு அடி கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. ஸாக், கோஹன் கட்டுரை வந்த அதே 1965-ல், அதே பத்திரிகையில், ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய எலிக் கட்டுரையும் வந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்து போட்டார்கள். உணவும் குப்பையும் உள்ளே போயும் கூழ் சாகவில்லை, மேலே டென்டின் பாலம் போட்டு மூடிக்கொண்டது. சாதாரண எலிகளுக்கு எல்லாம் அழுகிவிட்டது. கிருமிதான் ஆளைக் கொல்கிறது என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. "நீங்கள் சூட்டையே பார்க்கிறீர்கள், டெம்ப்ரரியின் மார்ஜின் (ஓரம்) வழியாக மூன்று வாரம் உள்ளே போகும் எச்சிலைப் பார்க்கவில்லை" என்று முடித்திருந்தார்.

இதற்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆனது. எழுதியதை அழித்துவிட்டேன்.

மே 19

பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். 2008, கரையான் அரித்ததுபோக மிச்சம்.

அண்ணாச்சியின் பல்லை ராவியது மே 14. மே 15-ல் என் கையெழுத்தில்: "ஏரோட்டர் தண்ணீர் வரவில்லை, ரிப்பேர், 350 ரூபாய்." ஏரோட்டர்தான் பல்லை ராவும் மெஷின், ராவும்போதே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கும். மேல்தொட்டித் தண்ணீரில் வண்டல் வந்து குழாய் அடைத்துக்கொள்வது எங்கள் கட்டடத்தில் மாதாந்தரத் திருவிழா. அப்படியானால் முதல் நாள் அண்ணாச்சியின் பல்லை ராவும்போது தண்ணீர் ஒழுங்காக வந்ததா? ஞாபகமில்லை. தண்ணீர் இல்லாத ஏரோட்டர், அதுவும் தேய்ந்த பர், செய்கிற சூட்டின் முன்னால் அக்ரிலிக் ஒரு குழந்தை.

அதோடு முடியவில்லை. மே 27: "டெம்ப்ரரி விழுந்து 4 நாள் ஆச்சாம். தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். திரும்ப ஒட்டினேன்." நாலு நாள் ராவின டென்டின் திறந்து கிடந்திருக்கிறது. காலையில் இட்லி, சாம்பார், மத்தியானம் பான். வெட்டிய டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் நுண்குழாய்கள், எல்லாம் கூழை நோக்கித்தான் போகின்றன.

பதினைந்து வருஷமாக அந்தக் கோரைப்பல்லைக் கொன்றது அந்த நாலு நிமிஷச் சூடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகப் பட்டியலில் மூன்று பேர், மூன்று பேருக்கும் நானே ஜாமீன்.

மே 20

பேராசிரியருக்கு இப்போது பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

டெம்ப்ரரி ஏன் விழுந்தது? பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை? சுருங்கியது. மோனோமர் தனியாக இறுகினால் கன அளவில் 21 சதவீதம் சுருங்கும், பவுடரோடு கலந்தால் ஆறேழு சதவீதத்துக்கு வரும். லிக்விடைத் தாராளமாக விட்டால் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. ஏப்ரல் 10-ல் நான் சொன்னது: சூடு முழுக்க லிக்விடிலிருந்து. சுருக்கமும் முழுக்க லிக்விடிலிருந்துதான். பல்லைச் சுட்ட அதே தளர்ந்த கலவைதான் மார்ஜினில் இடைவெளி விட்டு எச்சிலையும் உள்ளே விட்டது. சூடா கிருமியா என்று நாம் கட்சி கட்டிக்கொண்டிருக்கிறோம். அவை இரண்டும் அக்ரிலிக் கலக்கும் ஒரே டாப்பன் கிண்ணத்திலிருந்து கிளம்பினவை.

அவர் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். புனேக்காரர்கள் அப்படித்தான்.

மே 28

"சரி, இப்போ நீங்க எப்படிச் செய்றீங்க, அதைச் சொல்லுங்க" என்று முலுண்டு தம்பி. நியாயம்.

நேரம் இருந்தால், முக்கியமாகப் பிரிட்ஜ் என்றால், வாயில் செய்வதே இல்லை. ராவுவதற்கு முன்பே எடுத்து வைத்த மாடலில் பற்களைக் கொஞ்சமாகச் செதுக்கி, அதன் மேல் மெல்லிய ஓடு ஒன்றை லேப் தம்பி செய்து வைத்துவிடுவார். அதன் சூடெல்லாம் பிளாஸ்டர் மாடலுக்கே. வாயில் ராவி முடித்ததும் அந்த ஓட்டுக்குள் கொஞ்சமாகப் புதுக் கலவை வைத்துப் பல்லில் பொருத்துவேன். பொருள் கொஞ்சம், அதனால் சூடும் கொஞ்சம்.

ஓடு இல்லாத நாளில் அல்ஜினேட் அல்லது புட்டி அச்சு. லிக்விட் குடிக்கும்வரை பவுடரைப் போடுவேன், மேலே மிதக்கும் லிக்விட் இருக்கக் கூடாது. பல்லுக்கும் பக்கத்துப் பற்களுக்கும் வாஸலின், இடுக்குகளை மெழுகால் அடைப்பு. மீந்த கலவையை விரல்களுக்கிடையில் பிசைந்துகொண்டே இருப்பேன், அதுதான் என் கடிகாரம். ஆனால் வாய்க்குள் அறையைவிடச் சூடு, அங்கே முன்னதாகவே இறுகும், அதனால் விரலில் இருப்பது சொல்வதற்குக் கொஞ்சம் முன்பே போக வேண்டும். ரப்பர் பதம் வந்ததும் கழற்றி, தண்ணீரில் முக்கி, மறுபடி வைத்து, உடனே எடுத்து, இப்படி மூன்று நாலு தடவை. நடுவில் பல்லின் மேல் தண்ணீர் தெளிப்பு. கடைசியாக விறைக்கும் நேரத்தில் அது என் வாயில் இல்லை, பேஷன்ட் வாயிலும் இல்லை, வெந்நீர்க் கிண்ணத்தில் இருக்கும். வெந்நீரில் நன்றாக இறுகும், மிச்ச மோனோமரும் குறையும்.

இப்படி எடுத்து எடுத்து வைத்தால் ஓரம் கொஞ்சம் கோணும். கோணத்தான் செய்யும். அதற்காகத்தான் மார்ஜினில் மட்டும் மெல்லிய இரண்டாவது பூச்சு. இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறோம். ஒட்டுவதற்கு யூஜினால் இல்லாத சிமென்ட், ஏனென்றால் யூஜினால் பின்னால் வரும் ரெசினை இறுகவிடாது. பிறகு பேஷன்டிடம் சொல்லியனுப்புவது: விழுந்தால் அன்றைக்கே வாருங்கள், தீப்பெட்டி வேண்டாம்.

மே 28, பின்குறிப்பு

"என் வாயில் இல்லை" என்று எழுதியதைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். சிரியுங்கள்.

ஜூன் 11

முலுண்டு தம்பியின் பேஷன்ட் விஷயம். டெம்ப்ரரி உயரம் இடித்ததாம், அதைக் குறைத்தார், ஓரத்தில் ஊசி நுழையும் இடைவெளி இருந்ததாம், புதிதாகச் செய்து ஒட்டினார். இரவு வலி ஒரு வாரம் நின்று, மறுபடி வந்துவிட்டது. வெந்நீருக்கு வலி, குளிர்ந்த தண்ணீர் வாயில் வைத்தால் அடங்குகிறது. ரூட் கெனால் ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவிடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பல்லை ராவும்போதும் டெம்ப்ரரி செய்யும்போதும் நரம்பு பாதிக்கப்படுவது உண்டு, உங்களுக்கு அப்படி ஆகிவிட்டதுன்னு சொன்னேன் சார். பீஸ் பாதிதான் வாங்கினேன்."

என்னைவிடத் தைரியசாலி.

ஜூன் 24

மழை பிடித்துக்கொண்டது, சயான் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர், பேஷன்ட் யாரும் வரவில்லை. அண்ணாச்சி வந்தார். வியாபாரத்தை மகன் பார்க்கிறானாம், தலையில் பாத்திரம் இல்லாமல் அவரைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது. 2008 பிரிட்ஜ் இன்னும் இருக்கிறது. ஐஓபிஏ எடுத்தேன், கோரைப்பல் வேர்நுனி சுத்தம். ரெஜிஸ்டரைக் காட்டி, தண்ணீர் வராத ஏரோட்டர், இறுகிப்போன அக்ரிலிக், விழுந்த டெம்ப்ரரி, மூன்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீப்பெட்டியையும் எழுதி வச்சிருக்கீங்களா தம்பி?" என்றார். அப்புறம் கீழ்ப்பக்கம் ஒரு பல் ஆடுகிறது, அதைப் பாருங்கள் என்று வாயைத் திறந்தார்.